வாசகர் கேள்வி – பதில்: யோஹான் கிரைஃப் மைதானத்தில் எதைப் பார்த்தார்?

கேள்வி: கால்பந்தின் மாபெரும் வீரர்களைப் பட்டியலிடுவோர் பெலே, மரடோனா, மெஸ்ஸி ஆகியோருடன் நெதர்லாந்தின் யோஹான் கிரைஃப் பெயரையும் தவறாமல் சேர்க்கிறார்கள். அவர் உலகக் கோப்பையை வென்றவர் அல்லர்; நாட்டுக்காக அடித்த கோல்களும் 33 மட்டுமே. அவருடைய ஆட்டத்தில் அப்படி என்ன தனித்தன்மை இருந்தது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: 48 ஆட்டங்களில் 33 கோல் என்பது சிறிய கணக்கு அல்ல. ஆயினும் கிரைஃபின் பெருமை கோல் கணக்கில் அகப்படாது என்பதால், ஒரே ஓர் ஆட்டத்தின் முதல் நிமிடத்திலிருந்து தொடங்குகிறேன்.

1974 ஜூலை 7 அன்று மியூனிக் நகரில் மேற்கு ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. ஆட்டத்தைத் தொடங்கிய நெதர்லாந்து அணியினர் பந்தை அவசரமின்றித் தமக்குள் கைமாற்றிக்கொண்டிருந்தனர். கோல் அடிக்க வேண்டிய முன்கள வீரரான கிரைஃப் எதிரணியின் கோல் பக்கம் நிற்காமல், நடுவட்டத்தருகே தம் அணியினரில் பெரும்பாலோருக்குப் பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்கினார். அவரைக் காவல் காக்கப் பணிக்கப்பட்டிருந்த பெர்ட்டி ஃபோக்ட்ஸ் அவ்வளவு தூரம் முன்னே வந்து மறிப்பதா, தம் இடத்தில் காத்திருப்பதா என்ற இக்கட்டில் மாட்டிக்கொண்டார். அந்தத் தயக்கத்தால் இருவருக்கும் நடுவே உண்டான வெற்று நிலமே கிரைஃப் வேகம் பிடிக்கும் ஓடுபாதையாயிற்று. மெதுவாக நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று விரைந்து ஃபோக்ட்ஸைத் தாண்டி உள்ளே பாய்ந்தபோது, ஊலி ஹோனஸ் அவரைத் தடுத்து வீழ்த்தினார். இங்கிலாந்து நடுவர் ஜாக் டெய்லர் வழங்கிய பெனால்டியை யோஹான் நீஸ்கென்ஸ் கோலாக்கினார். அதுவரை ஜெர்மன் வீரர் ஒருவர்கூடப் பந்தைத் தொட்டிருக்கவில்லை. அவர்களில் முதலில் தொட்டவர், வலைக்குள்ளிருந்து அதை எடுத்த கோல்காப்பாளர் செப் மையர்தான்.

நெதர்லாந்து அந்த ஆட்டத்தை 2-1 எனத் தோற்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முதல் நிமிடத்திலேயே கிரைஃபின் கலை முழுவதும் இருக்கிறது. மைதானத்தில் பெரும்பாலான வீரர்களின் கண் பந்தைத் தேடுகிறது. தேர்ந்த வீரர்களின் கண் சக வீரரையும் எதிராளியையும் தேடுகிறது. கிரைஃபின் கண்ணோ யாரும் இல்லாத இடத்தைத் தேடியது. அத்தகைய இடம் இல்லாதபோது அதை அவரே உண்டாக்கினார். முன்கள வீரர் பின்னோக்கி இறங்கினால், எதிரணியின் தடுப்பாட்டக்காரர் அவரைத் தொடரலாம் அல்லது தொடராமல் விடலாம். தொடர்ந்தால் அவர் விட்டு வந்த இடம் காலியாகி, அங்கே வேறொரு டச்சு வீரர் ஓடி நுழைவார். தொடராவிட்டால் கிரைஃப் பந்தோடு திரும்பி நிற்க நேரம் கிடைக்கும். இந்த இரண்டில் எதைச் செய்தாலும் இழப்பு என்ற நிலையில் எதிராளியை நிறுத்துவதே அவருடைய ஆட்டத்தின் அடிப்படை.

அவருடைய கால்திறனையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வலக்காலின் வெளிப்புறத்தால் அவர் வளைத்து அனுப்பிய பாஸ்களைப் பழைய படச்சுருள்களில் இன்றும் காணலாம். பாதத்தின் உட்புறத்தால் பந்தை அனுப்ப வேண்டுமானால் இடுப்பைத் திறந்து உடலைத் திருப்ப வேண்டியிருக்கும். அந்தத் திருப்பமே பந்து போகப்போகும் திசையை எதிராளிக்குச் சொல்லிவிடும். வெளிப்புறத்தால் அனுப்பும்போது ஓட்டத்தின் நடை மாறுவதில்லை, உடல் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே பந்து புறப்பட்ட பிறகுதான் எதிராளிக்கு அந்த எண்ணமே தெரியவரும். பந்தைக் காலடியில் வைத்திருக்கக் குனிந்து பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லாததால், தலை எப்போதும் நிமிர்ந்தே இருந்தது. பந்தோடு ஓடிக்கொண்டே கையை நீட்டிச் சக வீரர்களுக்கு எங்கே போக வேண்டும் என்று காட்டும் கிரைஃபை எத்தனையோ படங்களில் பார்க்கிறோம். கண்ணுக்கு ஓய்வான ஒரு நொடியைச் சம்பாதித்துத் தருவதற்காகவே அந்தக் கால்கள் உழைத்தன என்று எனக்குத் தோன்றும்.

கேள்வி: ‘கிரைஃப் திருப்பம்’ என்ற உத்தியை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க விரும்புகிறேன். அதன் நுட்பம் என்ன? (உடற்கல்வி ஆசிரியர், தூத்துக்குடி)

பதில்: அதே 1974 உலகக் கோப்பையில், ஜூன் 19 அன்று டோர்ட்மண்ட் நகரில் சுவீடனுக்கு எதிரான ஆட்டத்தில்தான் உலகம் அதைக் கண்டது. இடப்பக்கத்தில் கோலுக்கு முதுகு காட்டியபடி பந்தை வைத்திருந்த கிரைஃபை யான் ஓல்சன் நெருங்கி நின்று மறித்தார். வலக்காலைப் பின்னால் ஓங்கி, பந்தைக் கோல் முகப்புக்குத் தூக்கி அனுப்பப்போகிறவர் போலக் கிரைஃப் காட்டினார். ஓல்சன் அதைத் தடுக்கச் சாய்ந்த கணத்தில், அதே வலக்காலின் உட்புறத்தால் பந்தை ஊன்றிய இடக்காலுக்குப் பின்னாலே இழுத்து, முழுவதுமாகத் திரும்பி, எதிர்த்திசையில் ஓடிவிட்டார். ஓல்சன் எந்தத் தவறும் செய்யவில்லை. எந்தத் தடுப்பாட்டக்காரரும் செய்வதைத்தான் செய்தார். பின்னாளில் அந்த நிகழ்வை அவர் வெட்கமின்றி, பெருமையோடு நினைவுகூர்ந்தார் என்பது அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகிறது.

மாணவர்கள் பெரும்பாலும் பந்தை இழுப்பதை மட்டும் பழகுகிறார்கள். அது இந்த உத்தியின் எளிய பாதி. கடினமான பாதி அதற்கு முன்னால் வரும் பொய். தூக்கி அனுப்பப்போகிறார் என்று எதிராளி மனதார நம்ப வேண்டுமானால், ஓங்கும் கால் மட்டுமன்றித் தோளும் கையும் பார்வையும் அதையே சொல்ல வேண்டும். எதிராளி எடையை ஒரு காலுக்கு மாற்றும் கணத்தை உணர்ந்த பிறகே பந்தை இழுக்க வேண்டும். முதலில் நின்ற இடத்திலும், பிறகு மெதுவான ஓட்டத்திலும், கடைசியாக உண்மையான எதிராளியை வைத்தும் பழக்குங்கள். திரும்பியவுடன் முதல் இரண்டு மூன்று எட்டுகள் மிக விரைவாக இருக்க வேண்டும். இல்லையேல் ஏமாந்தவர் மீண்டும் வந்து மறித்துவிடுவார். அந்தத் திருப்பத்தால் கோல் எதுவும் விழவில்லை, ஆட்டமும் 0-0 என்றே முடிந்தது என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். கோல் வராத ஓர் அசைவை அரை நூற்றாண்டாக உலகெங்கும் சிறுவர்கள் பழகிவருகிறார்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட பார்வை பிறவியிலேயே வருவதா, பழக்கத்தால் வருவதா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பிறவிக் கூறு எவ்வளவு என்று அளக்க வழியில்லை, ஆனால் பழக்கத்தின் தடயங்கள் கிரைஃபின் வாழ்க்கையில் தெளிவாக இருக்கின்றன. அவர் 1947 ஏப்ரல் 25 அன்று ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, பெட்டோன்டார்ப் என்னும் உழைப்பாளர் குடியிருப்பில் வளர்ந்தார். அந்தப் பெயருக்குக் கான்கிரீட் கிராமம் என்று பொருள். பின்னாளில் அவர் ஆடிய அயாக்ஸ் கால்பந்துக் கழகத்தின் மைதானம் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் இருந்தது. மளிகைக் கடை நடத்திய தந்தை 1959-இல் இறந்துபோக, தாய் அந்தக் கழகத்திலேயே துப்புரவுப் பணி செய்து பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் கிரைஃப் தெருவில்தான் பெரும்பாலும் ஆடினான். கல்தரையில் விழுந்தால் காயம் படும் என்பதால் விழாமல் நிற்கும் சமநிலை அவனுக்குத் தானாக வந்தது. மெலிந்த உடல் என்பதால் மோதலைத் தவிர்க்க முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருந்தது. நடைபாதையின் விளிம்புக்கல்லை இடைஞ்சலாகக் கருதாமல், பந்தை அதன்மீது அடித்துத் திரும்ப வாங்கும் துணை ஆட்டக்காரராகவே தாம் பயன்படுத்தியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது பேஸ்பால். பதினைந்து வயது வரை கிரைஃப் அந்த விளையாட்டிலும் ஈடுபட்டு, பந்தடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் வீரராக ஆடினார். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரை நினைத்துக்கொண்டால் அந்த இடம் விளங்கும். மைதானம் முழுவதும் கண்முன் விரிந்திருப்பதைப் பார்க்கும் வாய்ப்பு அந்த ஒருவருக்கே உண்டு. கைக்குப் பந்து வந்து சேர்வதற்கு முன்பே அதை எந்தத் தளத்துக்கு (ஓடுபவர் போய்ச் சேர வேண்டிய இடம்) எறிய வேண்டும் என்று அவர் தீர்மானித்திருக்க வேண்டும், ஏனெனில் பிடித்த பிறகு யோசித்தால் ஓடுபவர் போய்ச் சேர்ந்துவிடுவார். பந்து வருவதற்கு முன்பே அடுத்ததை அறிந்திருக்கும் இந்தப் பாடத்தைப் பேஸ்பாலிலிருந்தே கற்றதாகக் கிரைஃப் கூறினார். தம் பிள்ளைகள் ஒரே விளையாட்டைத்தான் பழக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: அவர் ஏன் 14 என்ற எண்ணை அணிந்தார்? (வாசகர், சேலம்)

பதில்: 1970-இல் காயத்திலிருந்து மீண்டு வந்த ஓர் ஆட்டத்தில், தம் சட்டை கிடைக்காமல் நின்ற சக வீரர் கெரி முரனுக்குத் தம் 9-ஆம் எண் சட்டையைக் கொடுத்துவிட்டு, தமக்கு 14-ஐ எடுத்துக்கொண்டார், அது நிலைத்துவிட்டது. 1974 உலகக் கோப்பையில் டச்சு வீரர்களுக்குக் குடும்பப் பெயரின் அகரவரிசைப்படி எண் தரப்பட்டபோதும் அவருக்கு மட்டும் 14 ஒதுக்கப்பட்டது.

கேள்வி: வீரர்கள் இடம் மாறி மாறி ஆடும் ‘டோட்டல் ஃபுட்பால்’ முறையை வகுத்தவர் பயிற்சியாளர் ரீனஸ் மிக்கெல்ஸ் அல்லவா? அந்தப் புகழைக் கிரைஃபுக்குக் கொடுப்பது சரியா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: மிக்கெல்ஸுக்கு உரியதை அவருக்கே தர வேண்டும். 1965-இல் அயாக்ஸின் பொறுப்பை ஏற்று, பின்கள வீரர் முன்னேறினால் நடுக்கள வீரர் அவர் இடத்தை நிரப்புவது, பந்து கையில் இருக்கும்போது மைதானத்தை அகலமாக்குவது, இழந்தவுடன் எதிராளியை நெருக்கிக் குறுக்குவது ஆகியவற்றைக் கடுமையான பயிற்சியால் பழக்கமாக்கியவர் அவர். ஆனால் மிக்கெல்ஸ் 1971-இல் பார்சிலோனாவுக்குச் சென்ற பிறகும் அயாக்ஸ் 1972, 1973 ஆண்டுகளில் கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்றது. மறுபுறம், மிக்கெல்ஸ் இருந்தும் லீக் பட்டம் கிடைக்காமல் தவித்த பார்சிலோனா, 1973 அக்டோபரில் கிரைஃப் களமிறங்கியதும் மாறியது. 1974 பிப்ரவரி 17 அன்று ரியால் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 5-0 என வீழ்த்தி, 14 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டத்தையும் கைப்பற்றியது. பயிற்சியாளர் ஆட்டத்துக்கு முன்னால் வரையக்கூடிய திட்டத்தை, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு நொடி திருத்தி எழுதக்கூடிய ஒருவர் களத்துக்குள் இருந்தார் என்பதே பொருத்தமான விளக்கம்.

இந்தப் பார்வைக்கு ஒரு விலையும் இருந்தது. மற்றவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பவரோடு வாழ்வது எளிதன்று. 1973 கோடையில் அயாக்ஸ் வீரர்கள் வாக்கெடுப்பு நடத்திக் கிரைஃபுக்குப் பதிலாகப் பீட் கெய்சரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மனக்காயத்தோடுதான் அவர் பார்சிலோனாவுக்குப் போனார். அவரை நேசிக்கும் நானும் அந்த வீரர்கள்மீது குற்றம் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வயதாகி வேகம் குறைந்த பிறகு அவருடைய ஆட்டம் என்னவாயிற்று? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பார்வையைச் சோதிக்கச் சிறந்த காலம் அதுதான். 1981 டிசம்பரில், 34 வயதில் அயாக்ஸுக்குத் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே, ஹார்லெம் கழகத்தின் கோல்காப்பாளர் சற்று முன்னே வந்து நிற்பதைக் கண்டு, பந்தை அவர் தலைக்கு மேலே மிதக்கவிட்டுக் கோல் அடித்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று ஹெல்மண்ட் ஸ்போர்ட் அணிக்கு எதிராகக் கிடைத்த பெனால்டியைக் கோலை நோக்கி உதைக்காமல், பக்கவாட்டில் ஓடிவந்த டென்மார்க் வீரர் யெஸ்பர் ஓல்சனுக்குத் தட்டிவிட்டார். கோல்காப்பாளர் ஓல்சனை நோக்கி நகர, பந்து மீண்டும் கிரைஃபிடம் வந்து ஆளில்லாத வலைக்குள் போயிற்று. விதி அதை அனுமதிக்கிறது. 1957-இல் பெல்ஜியம் அணி ஏற்கெனவே செய்த ஒன்றுதான் எனினும், எல்லோரும் மறந்திருந்த அந்த வழி அவர் கண்ணில் பட்டது. 1984-இல், 37 வயதில், அயாக்ஸின் பரம எதிரியான ஃபெயனூர்டு கழகத்துக்கு லீக் பட்டத்தையும் நாட்டின் கோப்பையையும் வென்று தந்தார்.

எனினும் எனக்குப் பிடித்த நிகழ்வு இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. 1980 நவம்பர் 30 அன்று அயாக்ஸ் தன் மைதானத்தில் ட்வென்டே அணியிடம் 1-3 எனப் பின்தங்கியிருந்தது. அப்போது கழகத்தின் ஆலோசகராக மட்டுமே இருந்த கிரைஃப், பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் இறங்கி வந்து, பயிற்சியாளர் லியோ பேன்ஹாக்கருக்குப் பக்கத்தில் பெஞ்சில் அமர்ந்து, வீரர்களுக்கு அறிவுறுத்தத் தொடங்கினார். அயாக்ஸ் அந்த ஆட்டத்தை 5-3 என வென்றது.