ஊட்டி–குன்னூர் டிக்கெட்டில் நீராவி இன்ஜின் வராது

சென்னை வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவரும் நண்பரும் ஒரு சனி, ஞாயிறில் நீலகிரி மலை ரயிலில் போக வேண்டும், நீராவி இன்ஜினை ஆசை தீரப் படம் எடுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து டிக்கெட் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லி, ஓர் ஏஜென்ட் 'ஊட்டி–குன்னூர் நீராவி ரயில்' என்று காரும் சேர்த்து ஒரு பேக்கேஜ் தருகிறாராம், தலைக்கு 2,500 ரூபாய். வாங்கலாமா?

வாங்காதீர்கள். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே ஓடுவது டீசல் இன்ஜின். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையுள்ள 46 கிலோமீட்டரில் நீராவி இழுப்பது குன்னூர் வரைதான், அங்கே இன்ஜினை மாற்றிவிடுகிறார்கள். பெட்டி அதே நீலப் பெட்டி, பெயரும் மலை ரயில்தான், அதனால் புதிதாக வருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இதை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. குன்னூர் பிளாட்பாரத்தில் இறங்கி "புகை எங்கே?" என்று கேட்டுக் கலங்கி நின்ற குடும்பங்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பாதை இது, ஆனால் எந்தப் பகுதியில் நீராவி, எந்தப் பகுதியில் டீசல் என்று டிக்கெட்டில் ஒரு வரி போட ரயில்வேக்கு இன்னும் மனம் வரவில்லை. ஒரே ஒரு வரி போட்டால் பாதி ஏமாற்று நின்றுவிடும்.

உங்களுக்கு வேண்டியது காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ரயில். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அன்று காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர், மேட்டுப்பாளையம்–ஊட்டி இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள், ஒன்றில் இல்லாத இடம் இன்னொன்றில் இருக்கும். ஊட்டி வரை டிக்கெட் எடுத்துக் குன்னூரில் இறங்கிக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பி ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள், சின்ன ரயில், நகராது. ஏஜென்ட் "உறுதியான டிக்கெட்" என்று நீட்டினால் முதலில் அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்தவர் பெயரில் எடுத்த டிக்கெட்டில் ஏறினால் நீங்கள் டிக்கெட் இல்லாப் பயணிதான், அபராதம் கட்டப்போவது நீங்கள், அவரல்ல.

சரி, படம். மலை ஏறும்போது இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். கல்லாறு நிலையம் தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் தண்டவாளம் தொடங்கும், 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றம் இருப்பதால் இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர் தெரியும். ஒன்று சாதாரணச் சக்கரத்துக்கு, மற்றது பல்சக்கரத்துக்கு. முதல் சிலிண்டரில் வேலை செய்த நீராவியே அடுத்ததற்கும் போகும். அந்த இடத்தில் சத்தம் மாறும், காதைக் கொடுத்துக் கேளுங்கள், படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில், முக்கியமாக ஹில்குரோவ் நிலையத்தில், இறங்கி ஓடிப்போய் இன்ஜினை எடுக்கலாம். குரங்கு உண்டு, கேமரா பையை மூடி வையுங்கள். ரயில் மெதுவாகத்தான் போகும், அதனால் 1/250 ஷட்டரே தாராளம். நீராவி வெள்ளை, இன்ஜின் இருண்ட நிறம், ஆகவே வெளிச்சத்தை ஒரு படி குறைத்து ரா ஃபைலாக (கேமரா சுருக்காமல் சேமிக்கும் படமாக) எடுங்கள், வெளுத்துப்போன நீராவியை பிறகு மீட்க முடியாது.

தண்டவாளத்தில் நடந்து போய் எடுக்கலாம் என்று யாராவது வழிகாட்டியாக வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு, அதைவிடப் பெரிய காரணம் கல்லாறு பக்கம் யானை நடமாட்டம். ட்ரோனும் வேண்டாம்.

அந்தக் காருக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் ரொம்பப் பேர் மாட்டுகிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து, உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்குள் வெளியூர் வண்டி நுழைய இ-பாஸ் வேண்டும். விலக்கு டிஎன் 43 பதிவெண் வண்டிக்கு, அதாவது நீலகிரியிலேயே பதிவான வண்டிக்கு. மேட்டுப்பாளையத்தில் வாடகைக்கு எடுக்கும் டிஎன் 40 வண்டி உள்ளூர் வண்டி மாதிரி தோன்றும், டிரைவரும் "நமக்கெல்லாம் வேண்டாம் சார்" என்பார், ஆனால் டிஎன் 40க்கு விலக்கு கிடையாது. டிரைவர் மேட்டுப்பாளையத்துக்காரர் என்பதும் கணக்கில் வராது, பதிவெண்தான் கணக்கு. அதே நேரம் ரயிலில் போகிறவருக்கும் அரசு பஸ்ஸில் போகிறவருக்கும் இ-பாஸே தேவையில்லை, ஆகவே காரை விட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. இ-பாஸ் அரசுத் தளத்தில் இலவசம். 'இ-பாஸ் கட்டணம்' என்று ஏஜென்ட் பில்லில் ஒரு தொகை இருந்தால் அது அவர் பைக்குத்தான் போகிறது.

என் யோசனை இது. வெள்ளி இரவு சென்னையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுங்கள், சனி காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயில், குன்னூரில் இறங்கி அறை. குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், ஸ்டீல் தண்ணீர் பாட்டில் (பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை). அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் ரயில் நிற்கும், அந்த மாதங்களைத் தவிருங்கள். ஞாயிறு காலை 10 ரூபாய் பிளாட்பார டிக்கெட் எடுத்து, மேலே வரும் ரயிலையும் இன்ஜின் மாற்றுவதையும் குன்னூரிலேயே நிதானமாக எடுங்கள், இன்ஜின் ஷெட்டுக்குள் மட்டும் கேட்காமல் நுழையாதீர்கள். மதியம் 2 மணிக்கு ஊட்டியில் கிளம்பும் ரயில் குன்னூர் வந்ததும் நீராவி மாட்டுவார்கள். இறங்கும்போது இன்ஜின் முன்னால் இருக்கும், அந்தப் படத்தை விடாதீர்கள். எடுத்த கையோடு மேட்டுப்பாளையம் பஸ் ஏறுங்கள். மலைச்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் பஸ் முந்திவிடும், 5.35க்கு அதே இன்ஜின் மேட்டுப்பாளையம் வந்து நிற்பதையும் எடுத்துவிட்டு இரவு ரயிலைப் பிடிக்கலாம்.