டிஸ்க் மாற்றியதும் சர்வர் எழவில்லை

கேள்வி: எங்கள் கடை சர்வரில் லினக்ஸ், இரண்டு டிஸ்க், சாஃப்ட்வேர் ரெய்டு 1 (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் முறை). முதல் டிஸ்க் கெட்டுப்போனதால் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன். இப்போது பூட் டிவைஸ் இல்லை என்கிறது. பில் கணக்கெல்லாம் போய்விட்டதா?

பதில்: பதறாதீர்கள். இரண்டாவது டிஸ்க் நன்றாக இருந்தால் கணக்கு அதில் பத்திரமாக இருக்கும். முதலில் பயாஸில் (மெஷின் எழும்போது வரும் செட்டிங் திரை) இரண்டு டிஸ்க்கும் தெரிகிறதா, பூட் வரிசையில் பழைய டிஸ்க் (கழற்றாத அந்த இரண்டாவது டிஸ்க்) மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அதெல்லாம் சரி, அப்படியும் எழவில்லை என்றால் லினக்ஸை எழுப்பும் க்ரப் என்ற பூட் லோடரைத்தான் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் இந்த ரெய்டு பெரும்பாலும் பார்ட்டிஷனுக்குள் (டிஸ்க்கில் பிரித்துவைத்த பகுதி) இருப்பதை மட்டுமே நகலெடுக்கும், டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள 512 பைட் பூட் செக்டாரையோ யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த முறை) மெஷினில் தனியாக இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையோ அது தொடாது.

லைவ் யூஎஸ்பியில் (லினக்ஸ் நேரடியாக ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து, ரெய்டை அசெம்பிள் பண்ணி மவுன்ட் செய்து, சிஹெச்ரூட் கட்டளை வழியாக டிஸ்க்கில் உள்ள லினக்ஸுக்குள்ளே போய், பழைய டிஸ்க்கில் க்ரப்-இன்ஸ்டால் கொடுங்கள். தயவுசெய்து ரெய்டை ‘கிரியேட்’ மட்டும் செய்துவிடாதீர்கள், இருப்பதும் போய்விடும்! யூஇஎஃப்ஐ என்றால் எழும்போது எதையெல்லாம் மவுன்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலையும் பாருங்கள், கழற்றிய டிஸ்க்கின் யூயூஐடி (அடையாள எண்) அங்கே இருந்தால் பாதியில் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும்.

எழுந்த பிறகு புதிய டிஸ்க்கை ரெய்டில் சேர்த்துவிடுங்கள். ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் ஒரு யூவும் (U) ஒரு கோடும் (_) தெரியும், அது இரண்டு யூவாக மாறும்வரை பழைய டிஸ்க்கைத் தொடாதீர்கள். அப்புறம் புதியதிலும் க்ரப் போட்டுவிடுங்கள்.