தண்ணீர் எடுக்கப் போன மனிதர்

கேள்வி (குன்னூர் வாசகி): எங்கள் தாத்தா எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். துரைசானி பியானோவில் வாசிக்கும் 'ஆஃப்டர் த பால்' (நடன விருந்துக்குப் பிறகு) பாட்டின் மெட்டைக் கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். கேட்டால் "சோகப் பாட்டும்மா" என்பார். மெட்டு என்னவோ துள்ளலாக இருக்கிறது. அப்படி என்ன சோகம்?

பதில்: தாத்தா சொன்னது சரிதான். 1892ல் அமெரிக்காவில் வெளியான, சார்லஸ் கே. ஹாரிஸ் எழுதிய பாட்டு அது, உங்கள் ஊருக்கு ரயில் வந்த 1899க்கும் முந்தையது. ஒரு சின்னப் பெண் கிழவரின் மடியில் ஏறிக்கொண்டு "ஏன் நீங்க கல்யாணமே பண்ணிக்கல?" என்று கேட்கிறாள், அவரும் கதையைச் சொல்கிறார். நடன விருந்தில் காதலி தண்ணீர் கேட்டாளாம், எடுத்துக்கொண்டு திரும்பினால் எவனோ ஒருவன் அவளை முத்தமிட்டுக்கொண்டிருக்கிறான், கையிலிருந்த கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்குகிறது. அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் ஒருநாள் அந்த ஆளிடமிருந்து கடிதம் வருகிறது: அவன் அவளுடைய கூடப்பிறந்தவனாம்! கிழவர் கதை சொல்லும்போது அவள் உயிரோடு இல்லை.

எனக்கு அந்தக் கிழவர்மேல் கோபம்தான் வருகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரும் நேரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டு ஆயுசு முழுக்க அழுகிறார், அவள் என்ன சொல்ல வந்தாள் என்று பாட்டில் ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் சனங்கள் உருகினார்கள், மெட்டை அச்சிட்ட இசைத்தாள் லட்சக்கணக்கில் விற்றது, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசாவின் பேண்டு வாசித்தது. துள்ளலுக்குக் காரணம் அது வால்ட்ஸ், மூன்று எண்ணிக்கையில் சுழன்று ஆடும் நடனத்தின் தாளம். மனசு உடைந்த இடம் நடனக் கூடம் அல்லவா, மெட்டும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

கேள்வி (ஊட்டி வாசகர்): தமிழில் இப்படிச் சந்தேகத்தில் உடைந்த காதல் பாட்டு ஏதாவது?

பதில்: நம் பழைய படங்களில் சந்தேகத்தைவிடத் தியாகம்தான் அதிகம் அழவைத்திருக்கிறது. 'கல்யாண பரிசு' (1959) படத்தில் 'காதலிலே தோல்வியுற்றாள்' என்று சுசீலா பாடுவார், 'தோல்வியுற்றான்' என்று ஏ.எம்.ராஜா பாடுவார், இரண்டும் பட்டுக்கோட்டையார் எழுதியவை. அங்கே காதல் உடைவது சந்தேகத்தால் அல்ல, அக்காவுக்காகத் தங்கை விட்டுக்கொடுக்கிறாள், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தின் 'சொன்னது நீதானா'. தன் காலத்துக்குப் பிறகு பழைய காதலனையே கட்டிக்கொள் என்கிற நோயாளிக் கணவனிடம், மனசில் பூட்டி வைக்காமல் முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுகிறாள் பாருங்கள், 'ஆஃப்டர் த பால்' கிழவருக்கு அந்தத் துணிச்சல் இருந்திருந்தால் பாட்டே பிறந்திருக்காது.

கேள்வி (கோத்தகிரி ஆசிரியை): 'ஆஃப்டர் த பால்' பாட்டைப் பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளைப் பாடவைக்கலாமா?

பதில்: தாராளமாக. காப்புரிமைத் தொல்லையும் கிடையாது. இடதுகையில் ஒன்று, வலதுகையில் இரண்டு மூன்று என்று கீபோர்டில் பிடித்துக்கொண்டால் போதும், சோகம் என்பதற்காக இழுக்காதீர்கள். நேரமில்லை என்று மூன்றாவது சரணத்தை மட்டும் வெட்டிவிட வேண்டாம், கூடப்பிறந்தவன் அதில்தான் வருகிறான்.