பேரன் பெயர் தாத்தாவுக்கு ஸ்டேட்டஸில் தெரிவதா?

கேள்வி: அயர்லாந்தில், கார்க் நகரில் இருக்கிறேன். கணவர் ஐரிஷ்காரர், குடும்பப் பெயர் மர்பி. இரண்டு மாத மகனுக்கு, நடிகர் கிலியன் மர்பி நினைவாக கிலியன் என்று வைத்திருக்கிறோம். ஊரில் அப்பா வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டார். நோபல் வாங்கியவர்கூட மர்பிதான், பின்னால் அது மட்டும் போதும் என்கிறார் கணவர். எனக்கு அப்பா பெயரையும் சேர்க்க ஆசை. என்ன செய்வது?

பதில்: ஒரு கொடிய ரத்தசோகைக்கு ஈரலை உணவாகக் கொடுத்துக் குணப்படுத்தி, 1934-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் மர்பி. இரண்டாம் உலகப் போரில் பதக்கங்களாகக் குவித்த ஆடி மர்பி. 2024-ல் ஆஸ்கர் வாங்கிய உங்கள் ஊர்க்காரர். சரி, இருக்கட்டும். அயர்லாந்திலேயே அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் அது. நம் தெருவில் முருகா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்களே, அந்த மாதிரி. அதில் சிலர் பெரிய ஆளாகாமலா போவார்கள்?

நான் நின்றது அந்த ஸ்டேட்டஸ் வரியில்தான். என்னம்மா இது? இருபத்துநாலு மணி நேரத்தில் மறைந்துபோகிற படம் அது. அன்று அவர் போனைத் திறக்காமல் இருந்திருந்தால்?

மர்பி என்பது ஐரிஷில் ஓ முர்ஹூ. அந்த 'ஓ'வுக்கு என்ன அர்த்தம் என்று கணவரைக் கேளுங்கள். பேரன்! ஆங்கிலேயர் ஆட்சியில் 'ஓ' உதிர்ந்துபோய் மர்பி மட்டும் மிஞ்சியது. நமக்கும் தாத்தா பெயரைத் தாங்குகிற பெயரன்தான் பேரன். அங்கேயும் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயரும், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயரும் வைப்பதுதான் பழைய வழக்கம். இரண்டு பக்கமும் தாத்தாவை நினைத்துப் பெயர் வைத்த குடும்பங்கள். நீங்கள் இருவரும் சினிமாவை நினைத்திருக்கிறீர்கள்.

அப்பா பெயரைச் சேர்க்கலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள், அவரைக் கேட்டீர்களா? கேட்காமல் நடுவில் செருகினால், அழுகிற பிள்ளைக்குக் கொடுக்கிற மிட்டாய்தான் அது.

அங்கே பிறப்பைப் பதிய மூன்று மாத அவகாசம். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இன்றைக்கே கூப்பிடுங்கள், மெசேஜ் வேண்டாம். உங்களைக் கேட்காமல் வைத்தது தப்பு என்று முதலில் சொல்லுங்கள். "கிலியனா? என் பேரனுக்கு எதுக்கும்மா கிலி?" என்பார். வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், நடுவில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேளுங்கள். கணவரும் பக்கத்தில் உட்காரட்டும்.