கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: ஒரு பெட்டிக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்

கேள்வி: மேக்கின்டாஷ் எல்.சி.யில் பழைய ஆப்பிள் டூ-ஈ கம்ப்யூட்டரின் புரோகிராம்களை ஓட்டும் ஆப்பிள் டூ-ஈ கார்டைச் சொருகியிருக்கிறேன். அதன் ஸ்டார்ட்டப் புரோகிராம் ஓட மறுக்கிறது. கார்டு பழுதா?

பதில்: கார்டைச் சந்தேகிக்கும் முன் கன்ட்ரோல் பேனலில் ‘மெமரி’யைத் திறந்து பாருங்கள். 1991-இல் வந்த இந்தக் கார்டுக்கு 24-பிட் அட்ரஸிங் (மெமரி முகவரிகளை 24 பிட்டில் குறிக்கும் பழைய முறை) வேண்டும். அங்கே 32-பிட் ‘ஆன்’ என்று இருந்தால் ‘ஆஃப்’ செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன்பின் 8 மெகாபைட்டுக்கு மேலான ரேம் சும்மா கிடக்கும். டூ-ஈக்கு அது நஷ்டமே இல்லை. சிஸ்டம் 7.6-இல் 24-பிட் வசதியையே எடுத்துவிட்டார்கள், 7.5.5-க்கு மேல் போகாதீர்கள்.

அணைத்துப் போட்டதும் அமைப்பு பழையபடி மாறிவிட்டால் மதர்போர்டிலுள்ள 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி தீர்ந்திருக்கலாம். தீர்ந்த பேட்டரியை விட்டுவைக்க வேண்டாம். கசிந்தால் போர்டின் செப்புத் தடங்களை அரித்துவிடும்.

கேள்வி: பழைய ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகளை இதில் படிக்கலாமா?

பதில்: மேக்கின் உள் டிரைவ் மூன்றரை அங்குலம் மட்டுமே. கார்டின் பின்புறம் மாட்டும் ஒய்-கேபிளும் ஆப்பிளின் ஐந்தேகால் அங்குல டிரைவும் தேவை. யூனிடிஸ்க் 3.5 என்ற வெளி டிரைவையும் சேர்த்தால் அதை முதலிலும் ஐந்தேகாலைக் கடைசியிலும் இணையுங்கள். கேபிள் இல்லாத கார்டு விலை குறைவாகக் கிடைத்தால், அந்தக் குறைவு எதற்கென்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆப்பிள் டூ-வில் இசட்-80 பிராசஸர் உள்ள சாஃப்ட்கார்டு போட்டால் இரண்டு பிராசஸர்களும் சேர்ந்து ஓடுமா?

பதில்: ஓடாது. இசட்-80 வேலை செய்யும்போது ஆப்பிள் டூ-வின் சொந்தப் பிராசஸரான 6502 ஒதுங்கி நிற்கும். டிஸ்க், திரை, கீபோர்டு என்றால் மறுபடி 6502 கைக்கு வரும். மைக்ரோசாஃப்ட் 1980-இல் வெளியிட்ட இந்தக் கார்டின் நிஜமான சாமர்த்தியம் மெமரி முகவரியை நகர்த்தியதுதான். இசட்-80-இல் ஓடும் சி.பி./எம். என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் பூஜ்ய முகவரியிலிருந்து ரேம் கேட்கும். ஆனால் 6502-க்கு முதல் 512 பைட் உயிர்நாடி. 1,024-ஆம் முகவரியிலிருந்து திரையின் எழுத்துகள். அதனால் இசட்-80-இன் பூஜ்யத்தை 6502-இன் 4,096-இல் கொண்டுபோய் வைத்தார்கள். 48 கிலோபைட் மெஷினில் சி.பி./எம்.முக்கு 44 மட்டும் மிஞ்சுவது இதனால்தான். கூடுதல் ரேம் தரும் லாங்குவேஜ் கார்டு சேர்த்தால் 56 கிடைக்கும். வழக்கமாக இதை 4-ஆம் ஸ்லாட்டில் வைப்பார்கள். ஒரு வரியில் 80 எழுத்து காட்டும் கார்டுக்கு 3, டிஸ்க் கன்ட்ரோலருக்கு 6. எதைச் சொருகினாலும் முதலில் மின்சாரத்தை அணையுங்கள்.