தோட்டா இல்லாமலும் கை பழகும்: காவலர்கள் கேள்வி, ஓய்வுபெற்ற பயிற்றுநர் பதில்

ஆயுதப்படையில் பல வருடம் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். காவலர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (எஸ்.ஐ.): ஐயா, வருடாந்திரக் கவாத்தின்போதுதான் பிஸ்டல் சுடுகிறேன். அடுத்த வருடத்துக்குள் கை மறந்துவிடுகிறது. அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

பதில்: காலித் துப்பாக்கியில் ட்ரிகர் இழுத்துப் பழகுங்கள். காசே தேவையில்லை. குறி தவறுவதற்குப் பெரும்பாலும் எய்மிங் காரணம் இல்லை. கடைசி நொடியில் விரலோடு சேர்ந்து மணிக்கட்டும் அசைந்துவிடுகிறது. ரேஞ்சில் (சுடும் மைதானத்தில்) சத்தமும் அதிர்வும் அந்தத் தப்பை மறைத்துவிடும். காலித் துப்பாக்கியில் முன் சைட், அதாவது குழல் முனையில் இருக்கும் குறிமுள், துள்ளுவது அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் முறை தவறினால் உயிர் போகும். வீட்டில் வேண்டவே வேண்டாம். பொறுப்பு அதிகாரியிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனிலோ பெல் ஆஃப் ஆர்ம்ஸிலோ (ஆயுத வைப்பறை) செய்யுங்கள். தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பார்த்து, இன்னொருவரிடம் காட்டுங்கள். மணல் மூட்டை அடுக்கிய சுவரைப் பார்த்து மட்டும் குறி வையுங்கள். நடுவில் போன் வந்தால், திரும்பி வந்ததும் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். பயிற்சி முடிந்து லோடு செய்த பிறகு, "இன்னும் ஒரு தடவை" என்று இழுப்பவர் கையில்தான் குண்டு வெடிக்கிறது.

பழைய 9 மி.மீ. 1ஏ பிஸ்டலில் மேகசின் இல்லாமல் ட்ரிகர் வேலை செய்யாது. காலி மேகசினைப் போட்டுத்தான் பழக வேண்டும், அதனால் அந்த மேகசினை இரண்டு முறை பாருங்கள். கிளாக் பிஸ்டல் என்றால், அடுத்த முறை ட்ரிகர் இழுக்க, ஒவ்வொரு முறையும் ஸ்லைடை (மேலே நகரும் பாகம்) இழுத்துவிட வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம் போதும். அப்புறம், ஸ்லைடின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கச் சொல்லுங்கள். அது விழாமல் பத்து முறை இழுக்க முடிந்தால் விரல் படிந்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி (பெண் காவலர்): இன்சாஸ் ரைஃபிள் சுடும்போது என்னை அறியாமல் கண்ணை மூடிவிடுகிறேன்.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, இது பலருக்கும் உண்டு. ரேஞ்சில் பயிற்றுநரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் மேகசினில் ஓரிரண்டு டிரில் ரவுண்டை (மருந்தில்லாத போலித் தோட்டா) கலந்து போடச் சொல்லுங்கள். டிரில் ரவுண்டு வரும்போது வெடிக்காது. ஆனாலும் குழல் தாழ்ந்தால் தப்பு எங்கே என்று உங்களுக்கே புரிந்துவிடும். தெரிந்தாலே பாதி சரியாகிவிடும். காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் சுடாதீர்கள். பலர் பயப்படுவது உதைக்கு இல்லை, சத்தத்துக்குத்தான்.

கேள்வி: எங்கள் யூனிட்டில் பாயின்ட் 22 ரைஃபிள் இருக்கிறது. அதையும் காலியாக இழுக்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிப்பது. தோட்டா இல்லாவிட்டால் சேம்பர் விளிம்பிலேயே மோதிக் கெட்டுவிடும். அதில் தோட்டா போட்டே சுடுங்கள், விலையும் குறைவு, அதிர்வும் குறைவு.

கேள்வி: ஏர் பிஸ்டல் வாங்கினால் பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு. பிஸ்டலை வாங்கத்தான் செலவு, 500 பெல்லெட் (சின்ன ஈயக் குண்டு) உள்ள டப்பா சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். 10 மீட்டர் இடம் போதும், பின்னால் கனமான தடுப்பு வேண்டும். வாங்குவதற்கு முன் பக்கத்து ரைஃபிள் கிளப்பில் ஒரு மாதம் பழகிப் பாருங்கள். சென்னை, கோவை, மதுரையில் கிளப்கள் இருக்கின்றன. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: உறையிலிருந்து எடுப்பது, மேகசின் மாற்றுவது, தடைப்பட்ட தோட்டாவை நீக்குவது இதெல்லாம் ஏர் பிஸ்டலில் வராது. அதை உங்கள் சர்வீஸ் ஆயுதத்தில், டிரில் ரவுண்டை வைத்துத்தான் பழக வேண்டும்.

கேள்வி (தலைமைக் காவலர், வயது 48): முன் சைட் மங்கலாகத் தெரிகிறது.

பதில்: வெள்ளெழுத்துதான். படிக்கிற கண்ணாடி போதாது, அது புத்தகத்தின் தூரத்துக்கு. கையை நீட்டினால் முன் சைட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நூலால் அளந்து, கண் டாக்டரிடம் அந்த நூலையே காட்டுங்கள்.