வாசகர் கேள்வி – பதில்: ஸ்ட்ரீக் கேமராவுக்கு ஃபைபர் அளவுகோல்

கேள்வி: மிகக் குறுகிய ஒளித்துடிப்பின் நேரப்போக்கைத் திரையில் விரித்துக் காட்டும் ஸ்ட்ரீக் கேமரா எங்களிடம் இருக்கிறது. அதன் சாளரம், அதாவது ஒரு படத்தில் அடங்கும் நேரம், 10 நானோவினாடி. ஒரு பிக்சலுக்கு இத்தனை பிக்கோவினாடி என்று கையேட்டில் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. அது போதுமா? ஃபைபரை வைத்துச் சரிபார்ப்பது எப்படி?

பதில்: போதாது. கேமரா ஒளியை எலக்ட்ரான் கற்றையாக மாற்றி, மின்னழுத்தத்தால் திரையின் குறுக்கே இழுக்கிறது. இந்த இழுப்புதான் ஸ்வீப். அந்த மின்னழுத்தம் சீராக ஏறுவதில்லை. இரு ஓரங்களிலும் வேகம் மாறும். திரையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

குறுகிய லேசர் துடிப்பு ஒன்றை 10 ஃபைபர்களில் பிரித்து அனுப்பி, மறுமுனைகளைக் கேமராவின் பிளவில் (ஒளி நுழையும் குறுகிய கீற்றில்) வரிசையாகப் பொருத்துங்கள். 532 நானோமீட்டர் பச்சை ஒளி சிலிக்கா ஃபைபரில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 4.95 நானோவினாடி ஆகும். ஆகவே 1 நானோவினாடி இடைவெளிக்கு 20.2 செ.மீ. கூடுதல் நீளம். முதல் ஃபைபர் 2 மீட்டர் என்றால் பத்தாவது 3.82 மீட்டர்.

வெட்டுவதில் மில்லிமீட்டர் சுத்தம் பார்க்க வேண்டாம், அளப்பதில் பாருங்கள். 1 மி.மீ. என்பது 5 பிக்கோவினாடி. வெட்டி, கனெக்டர் போட்ட பிறகு ஒவ்வொன்றின் தாமதத்தையும் வேகமான ஃபோட்டோடயோடும் சாம்ப்ளிங் ஆசிலோஸ்கோப்பும் கொண்டு அளந்து, ஃபைபரிலேயே சீட்டு ஒட்டிவிடுங்கள். கேமராவுக்குத் தரப்போகும் அதே அலைநீளத்தில்தான் அளக்க வேண்டும். 850 நானோமீட்டரில் ஒரு மீட்டருக்கு 4.89 நானோவினாடிதான். அதில் அளந்துவிட்டுப் பச்சையில் பயன்படுத்தினால் கடைசித் துடிப்பு 115 பிக்கோவினாடி அளவுக்குத் தவறும்.

ஃபைபர் வகையும் முக்கியம். 0.22 எண்துளை (ஒளியை ஏற்கும் கோணத்தின் அளவு) கொண்ட ஸ்டெப் இண்டெக்ஸ் ஃபைபரில் ஒளி பல பாதைகளில் போவதால் மீட்டருக்கு 55 பிக்கோவினாடி வரை துடிப்பு அகன்றுவிடும். ஒளி ஒரே பாதையில் போகும்படி அமைந்த, அந்த அலைநீளத்துக்குரிய ஒற்றை மோட் ஃபைபரே நல்லது. வெளிச்சம் போதாவிட்டால், பல பாதைகளின் நேர வேறுபாட்டைக் குறைக்கும் கிரேடட் இண்டெக்ஸ்.

கேள்வி: இதையெல்லாம் செய்தாகிவிட்டது. ஆனால் பிளவின் ஓரத்து ஃபைபர்கள் மட்டும் எப்போதும் ஒரே பக்கமாக விலகுகின்றன. ஸ்வீப்பின் கோளாறா?

பதில்: அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள், பலரும் ஏமாறும் இடம் இது. பிளவின் ஓரத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் மையத்திலிருந்து கிளம்புபவற்றைவிடச் சற்று நீண்ட பாதையில் போகின்றன. அதனால், ஒரே கணத்தில் பிளவு முழுவதும் விழுந்த ஒளிகூடத் திரையில் வளைகோடாகத் தெரியும். நீளக் குறைவிலிருந்து நீளக் கூடுதலாக ஃபைபர்களை அடுக்கியிருந்தால், இந்த வளைவு ஸ்வீப்பின் பிழைபோலவே வேஷம் கட்டும்.

முதலில், பிரிக்காத துடிப்பைப் பிளவு முழுவதும் பரப்பி ஒரு படம் எடுத்து, வளைவை அளந்து கழித்துவிடுங்கள். அடுத்து, ஃபைபர்களைக் கலைத்து அடுக்குங்கள்: 1, 6, 3, 9, 4 என்பதுபோல. இடமும் தாமதமும் ஒன்றையொன்று ஒட்டிப் போகாதபோது எது எந்தப் பிழை என்று பிரித்துவிடலாம்.

பிறகு ட்ரிக்கர் (ஸ்வீப்பைத் தொடங்கிவைக்கும் சைகை) தாமதத்தை அரை நானோவினாடி நகர்த்தி இன்னொரு தொகுதிப் படங்கள் எடுங்கள். இடைப்பட்ட புள்ளிகள் கிடைக்கும். ட்ரிக்கர் நடுக்கம் (தொடக்கக் கணம் படத்துக்குப் படம் சற்று மாறுவது) ஒரு படத்தின் எல்லாத் துடிப்புகளையும் சேர்த்தே தள்ளுவதால், படத்துக்கு ஒரு தனி நகர்வை விட்டுக்கொடுத்து, திரையின் இடத்தை நேரமாக மாற்றும் கோட்டைப் புள்ளிகளுக்குப் பொருத்துங்கள். மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவை பெரும்பாலும் போதும்.

கேள்வி: பத்து ஃபைபருக்குப் பதில் ஒரே ஃபைபர் வளையம் போதாதா?

பதில்: நீண்ட சாளரங்களுக்குப் போதும், எல்லாத் துடிப்பும் பிளவின் ஒரே இடத்தில் விழுவதால் வளைவுத் தொல்லையும் இல்லை. 50:50 கப்ளரின் (ஒளியைச் சமமாக இரண்டாகப் பிரிக்கும் ஃபைபர் இணைப்பி) ஒரு வெளிவாயை அதன் இரண்டாம் உள்வாயில் இணைத்தால் துடிப்பு சுற்றிச்சுற்றி வரும். வளையம் 1 மீட்டர் என்றால் இடைவெளி 5 நானோவினாடி. கப்ளரின் வால் இழைகளே இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அதற்குக் கீழே குறைப்பது கடினம். ஒவ்வொரு சுற்றிலும் ஒளி பாதியாகும். பத்தாவது துடிப்பு முதலாவதில் 512-ல் ஒரு பங்கு. கேமராவால் இரண்டையும் ஒரே படத்தில் காட்ட முடியாது. ஐந்தாறு துடிப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒளியைக் கூட்டினால் துடிப்பு தடிக்கிறது. ஏன்?

பதில்: கேமராவின் குழாய்க்குள் எலக்ட்ரான்கள் நெருங்கி ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஒளி வடிகட்டியால் வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். அகலம் குறைந்தால் இன்னும் பாதியாக்குங்கள். அகலம் மாறாமல் நிற்கும் அளவில்தான் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். ஸ்வீப் வேகத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வேகத்துக்கென எடுத்த தனித் திருத்தத்தையே பயன்படுத்துங்கள்.